ஆயிரம் அடி



பள்ளிக்கூட வாசலில் நின்று பிள்ளைகளுக்குப் போதைப்பொருள் விற்கிறவன்மேல் எவருக்கும் எளிதில் இரக்கம் எழாது. எழவேண்டும் என்று உங்களை நான் கேட்கவும் இல்லை. அப்படிப்பட்டவன் பிடிபட்டால் மற்றவர்களைவிடக் கடுமையாகத் தண்டிக்கப்படட்டும் என்பதில் உங்களுக்கும் எனக்கும் வேறுபாடு இராது. இந்த வாரம் நான் உங்களோடு வழக்காட விரும்புவது வேறொரு காரியத்தைக் குறித்து. அந்த மனிதனைக் காட்டி இயற்றப்பட்ட ஒரு சட்டம், நாற்பது ஆண்டுகளாக உண்மையில் யாரைத் தண்டித்து வந்திருக்கிறது என்பதே என் கேள்வி. அமெரிக்க ஐக்கிய நாட்டில் ‘போதைப்பொருளற்ற பள்ளி வளையம்’ என்று வழங்கும் சட்டங்களைச் சொல்லுகிறேன்.

இதன் தொடக்கம் 1984. புளோரிடாவைச் சேர்ந்த செனட்டர் பாலா ஹாக்கின்ஸ் முன்மொழிந்த பிரிவு, அவ்வாண்டின் பெரிய குற்றத்தடுப்புச் சட்டத்தோடு சேர்ந்து நிறைவேறியது. பள்ளியின் எல்லையிலிருந்து 1,000 அடிக்குள் போதைப்பொருள் விற்றால் உச்சத் தண்டனை இரட்டிப்பாகும் என்றது அது. 1986 ஜூனில் லென் பயஸ் என்னும் இளம் கூடைப்பந்து வீரர் கொக்கெய்னால் இறந்தார், தேசம் அதிர்ந்தது, அந்த ஆண்டு முடியுமுன் கல்லூரிகளும் வளையத்துக்குள் வந்தன. பின்பு விளையாட்டுத் திடல்கள் வந்தன. அரசுக் குடியிருப்புகள் வந்தன. நீச்சல் குளத்துக்கும் வீடியோ விளையாட்டுக் கூடத்துக்கும் 100 அடி என்று தனியே ஓர் அளவு குறிக்கப்பட்டது. மாநிலங்களும் பின்வாங்கவில்லை. இன்று ஐம்பது மாநிலங்களிலும் ஏதோ ஒரு வடிவில் இச்சட்டம் உண்டு. தூரம் மட்டும் மாநிலத்துக்கு மாநிலம் மாறுகிறது. சில இடங்களில் 300 அடி. கனெக்டிகட் மாநிலம் வகுத்தது 1,500 அடி. அலபாமாவிலோ மூன்று மைல்.

மூன்று மைல் என்பதைச் சற்றே நின்று கணக்கிடுங்கள். ஒரு புள்ளியிலிருந்து 1,000 அடி ஆரத்தில் வட்டம் வரைந்தால் அது ஏறக்குறைய 72 ஏக்கர். மூன்று மைல் ஆரத்தில் வரைந்தால் 18,000 ஏக்கருக்கும் மேல். பள்ளிக்கூடமோ ஒரு புள்ளியன்று. அதன் வேலியின் எந்த மூலையிலிருந்தும் அளக்கலாம் என்பதால் பரப்பு இன்னும் பெருகும். ஓர் ஊரில் நாலைந்து பள்ளிகள் இருந்தால் அந்த ஊரில் வளையத்துக்கு வெளியே என்ன மிஞ்சும்?

குற்றச்சாட்டில் இந்த வளையம் செய்கிற மாற்றத்தை இப்போது கவனியுங்கள், ஏனெனில் இதைப் பலர் அறியாதிருக்கிறார்கள். பெரும்பாலான இடங்களில் இது ஒரு சிறு கூடுதல் அபராதமாக இருப்பதில்லை. செய்த செயல் ஒன்றே, பிடிபட்ட பொருளின் எடையும் ஒன்றே. ஆனால் தெருவின் இந்தப் பக்கத்தில் அது ஒரு வகைக் குற்றம், அந்தப் பக்கத்தில் அதைவிடப் பெரிய வகைக் குற்றம். ஃபெடரல் சட்டத்தில் உச்சவரம்பு இரட்டிப்பாவதோடு, சிறிதளவு கஞ்சா போன்ற விலக்குகள் தவிர, குறைந்தது ஓராண்டுச் சிறை கட்டாயம். டென்னசியில் 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி குற்றம் ஒரு படி மேலே ஏற்றப்பட்டது. அந்த மேற்படிக்குரிய குறைந்தபட்சக் காலம் முழுவதையும், ஒரு நாளும் குறையாமல், சிறையிலேயே கழித்தாகவேண்டும். மாசசூசெட்ஸில் இரண்டு ஆண்டுக் கட்டாயத் தண்டனை; மூலக் குற்றத்துக்கான தண்டனை முடிந்த பிறகுதான் இது தொடங்கும். அலபாமாவில் ஐந்து ஆண்டுகள் கூடும். நன்னடத்தைக் கண்காணிப்பில் விடுவதற்கும் இடமில்லை.

அரசுத் தரப்பு இதற்காக எதை மெய்ப்பிக்கவேண்டும்? அருகே பள்ளி இருப்பது அவனுக்குத் தெரியும் என்று மெய்ப்பிக்கவேண்டுமோ? வேண்டியதில்லை. 1985-லேயே ஃபெடரல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று அப்படித் தீர்ப்பளித்தது. மற்றவையும் அவ்வழியே சென்றன. பிள்ளை ஒருவர் அங்கே இருந்தார் என்று? வேண்டியதில்லை. பள்ளி திறந்திருந்தது என்று? ஃபெடரல் சட்டத்தில் அதுவும் வேண்டியதில்லை. நள்ளிரவானாலும் கோடை விடுமுறையானாலும் ஒன்றே. தூரத்தை நடந்துபோகும் வழியில் அளப்பதில்லை. காகம் பறக்கும் நேர்க்கோட்டில் அளக்கிறார்கள். இடையில் ஆறு ஓடலாம், இரயில்பாதை கிடக்கலாம், மூன்று தெரு வீடுகள் நிற்கலாம். விற்பனை அந்த வளையத்தில் நடக்கவேண்டும் என்பதுகூட இல்லை. வேறெங்கோ விற்கும் நோக்கத்தோடு இந்த எல்லைக்குள் பொருளை வைத்திருந்தாலே போதும் என்று ஃபெடரல் நீதிமன்றங்கள் பல தீர்த்திருக்கின்றன. ஆக, நிரூபிக்கவேண்டியதெல்லாம் குற்றமும் ஓர் அளவு நாடாவுமே.

அடைக்கலப் பட்டணங்களை நீங்கள் அறிவீர்கள். அறியாமல் கைப்பிசகாய்க் கொன்றவனையும் பகையோடு பதிவிருந்து கொன்றவனையும் பிரித்துப் பார்ப்பதற்காகவே அந்த ஏற்பாடு இருந்தது. அதற்காகத் தேசத்தில் வழிகளும் தூரங்களும் அளக்கப்பட்டன. உள்ளத்தில் இருந்தது என்ன என்று கேட்பது அவ்வளவு பழைய நியாயம். இங்கேயும் அளக்கிறார்கள், உள்ளத்தை மட்டும் கேட்பதில்லை.

“பள்ளிக்கு அருகே போகாதே என்பதுதானே சட்டம்? போகாமல் இருக்கட்டுமே!” என்று நீங்கள் சொல்லக்கூடும். நியாயமான கேள்வி. அதற்கு நிலப்படம்தான் பதில் சொல்லுகிறது. நியூ ஜெர்சி 1987-இல் 1,000 அடி வளையத்தை வகுத்தது. 1998-இல் பூங்கா, நூலகம், அரசுக் குடியிருப்பு ஆகியவற்றைச் சுற்றி 500 அடி வளையங்களைச் சேர்த்தது. பின்பு அந்த மாநிலமே அமைத்த தண்டனை மறுஆய்வு ஆணையம் இவற்றையெல்லாம் படத்தில் வரைந்து பார்த்தது. நியூவார்க் நகரின் முக்கால் பங்கு வளையத்துக்குள் கிடந்தது. கேம்டனிலும் ஜெர்சி சிட்டியிலும் பாதிக்கு மேல். நாட்டுப்புறத்து மான்ஸ்ஃபீல்டில் 6 சதவீதம்.

இதில் உள்ள கேடு இரண்டு. முதலாவது, சட்டம் தன் சொந்த நோக்கத்தையே அழித்துக்கொள்கிறது. பள்ளியை விட்டு விலகிப்போ என்று ஒருவனுக்குச் சொல்லவேண்டுமானால் விலகிப்போக ஓர் இடம் இருக்கவேண்டும். நகரமே வளையமானால் பள்ளி வாசலில் விற்பதற்கும் ஆறு தெரு தள்ளி விற்பதற்கும் தண்டனை ஒன்றே. வாசலை விட்டு நகர விற்கிறவனுக்கு ஒரு காரணமும் இல்லை. அந்த ஆணையம் இதைக் கண்டுகொண்டு, வளையத்தை 200 அடியாகச் சுருக்கப் பரிந்துரைத்தது. சுருக்கினால்தான் ‘பள்ளிக்கு அருகே’ என்ற சொல்லுக்குப் பொருள் திரும்பும். பிள்ளைகளுக்குக் காவலும் கூடும். சுருக்கச் சொல்லுகிறவர்களைப் பிள்ளைகளின் பகைவர் என்று தூற்றுகிறவர்கள் இந்த எளிய கணக்கைச் செய்ததில்லை.

இரண்டாவது கேடு இதைவிடக் கசப்பானது. நெருக்கமாய் வீடுகள் நிற்கும் ஏழைப் பேட்டைகளில்தான் பள்ளிகளும் நெருங்கி நிற்கின்றன. அந்தப் பேட்டைகளில் வாழ்கிறவர்கள் பெரும்பாலும் யார்? 2005-இல் அதே ஆணையம் வெளியிட்ட எண்ணைப் பாருங்கள்: நியூ ஜெர்சியில் வளையக் குற்றத்துக்காகச் சிறையில் இருந்தவர்களில் 96 சதவீதத்தினர் கறுப்பினத்தவரோ ஹிஸ்பானிக் மக்களோ ஆவர். சட்டத்தில் நிறத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. முகவரியைப் பற்றித்தான் இருக்கிறது, முகவரி போதுமானதாயிற்று. விசாலமான தோட்டங்களோடு வீடு கட்டியிருக்கும் புறநகர்வாசியின் மகன் அதே பொருளை அதே அளவில் தன் அறையில் நண்பனுக்கு விற்றால் அது சாதாரணக் குற்றச்சாட்டு. அரசுக் குடியிருப்பில் பிறந்தவன் தன் வீட்டுக் கூடத்தில் விற்றால் வளையக் குற்றச்சாட்டு. இருவரும் விற்றது தவறு. ஒருவனுடைய ஆண்டுகளை மட்டும் அவன் தாயின் வாடகை வீடு நிர்ணயிக்கிறது.

நாஷ்வில் நகரில் நடந்தது இதுதான். 2008-இல் அங்கே அரசுக் குடியிருப்பில் வாழ்ந்த இளைஞர் ஒருவர், காவல்துறைக்காக வேலை செய்த ஓர் ஆள்காட்டிக்கு சுமார் 320 எக்ஸ்டசி மாத்திரைகளை விற்றார். வாங்கியவர் சிறுவர் அல்லர். ஆனால் வீடு ஒரு பள்ளியிலிருந்து 1,000 அடிக்குள் இருந்தது. தீர்ப்பு 17 ஆண்டுகள். அதுவே அவருடைய முதல் குற்றம். வளையத்துக்கு வெளியே இதைச் செய்திருந்தால் மிக முன்னதாகவே பரோலுக்குத் தகுதி பெற்றிருப்பார். பத்து ஆண்டுகள் சிறையில் கழித்த பின்னர், 2018-இல் ஓர் உடன்பாட்டின்பேரில் விடுதலையானார். இருபதுகள் முழுவதும் போயிற்று.

அவர் குற்றமற்றவர் என்று நான் சொல்லவில்லை. இதைக் கவனமாய் வாசியுங்கள். 320 மாத்திரை விற்பது சிறு காரியமன்று, அதற்குத் தண்டனை உண்டு, இருக்கவும் வேண்டும். என் கேள்வி, பள்ளிப் பிள்ளைகளைக் காக்கும் சட்டம் இந்த வழக்கில் எந்தப் பள்ளிப் பிள்ளையைக் காத்தது என்பதே. சொல்லுங்கள் பார்ப்போம்.

இது ஒரு தனி வழக்கு என்று தள்ளிவிட முடியாதபடி மாசசூசெட்ஸில் ஓர் ஆய்வு நடந்தது. வில்லியம் பிரவுன்ஸ்பெர்கர் என்பவர் ஃபால் ரிவர், நியூ பெட்ஃபோர்டு, ஸ்பிரிங்ஃபீல்டு ஆகிய மூன்று நகரங்களின் 443 போதைப்பொருள் வழக்குகளை எடுத்துப் படித்தார். ஆய்வு 2001-இல் வெளிவந்தது. வளைய வழக்குகளில் 71 சதவீதம் பள்ளி நடக்காத நேரத்தில் நிகழ்ந்தவை. சிறுவர்களுக்கு விற்ற வழக்குகள் நூற்றுக்கு ஒன்றும் தேறவில்லை. சட்டத்தின் முகப்பில் வரைந்து வைத்த அந்தப் பள்ளி வாசல் வியாபாரி, வழக்குக் கட்டுகளில் ஏறக்குறைய இல்லை.

அவன் அகப்பட்டாலும் அவனைத் தண்டிக்க இந்த வளையம் தேவையுமில்லை என்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். 21 வயதுக்குக் குறைந்தவருக்கு விற்கும் வயதுவந்தவனுக்குத் தண்டனையை இரட்டிப்பாக்கும் பிரிவு ஃபெடரல் சட்டத்தில் தனியே இருக்கிறது. சிறுவர்களை இந்தத் தொழிலில் வேலைக்கு வைப்பவனுக்கும் தனிப் பிரிவு இருக்கிறது. அவை தீங்கை நேராகப் பார்த்து எழுதப்பட்டவை: யாருக்கு விற்றாய், யாரைக் கெடுத்தாய் என்று கேட்கின்றன. வளையச் சட்டம் எங்கே நின்றாய் என்று மட்டும் கேட்கிறது.

நின்ற இடமும் பல வேளைகளில் அவன் தேர்ந்தெடுத்ததன்று. ஆள்காட்டியை அனுப்பி வலைவிரிக்கும்போது சந்திக்கும் இடத்தைக் குறிப்பவர் யார்? இந்தியானாவில் ஒருவர் காரில் பயணியாகச் சென்றுகொண்டிருந்தார். காவலர் அந்தக் காரை நிறுத்திய இடம் வளையத்துக்குள் விழுந்தது. சிறிதளவு கொக்கெய்ன் வைத்திருந்ததற்கு 20 ஆண்டுகள். 2012-இல் அம்மாநில உச்சநீதிமன்றம், காவலர் வண்டியை நிறுத்திய இடமே குற்றத்தைப் பெரிதாக்கியதைக் கருத்தில் கொண்டு அதை 12 ஆகக் குறைத்தது. குறைத்தது நல்லது. ஆயினும் பன்னிரண்டு ஆண்டுகள் என்பது இன்று பிறந்த குழந்தை ஆறாம் வகுப்புக்கு வரும் காலம்.

இனி வழக்குமன்றத்துக்கு வராமலே முடிகிற பெருந்தொகையான வழக்குகளைப் பற்றி ஒரு வார்த்தை. அமெரிக்காவில் பெரும்பாலான குற்ற வழக்குகள் ஜூரியின்முன் போவதில்லை; குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டனையைக் குறைத்துக்கொள்ளும் உடன்பாட்டில் முடிகின்றன. அந்தப் பேரமேசையில் வளையக் குற்றச்சாட்டு அரசு வழக்கறிஞர் கையிலுள்ள பலத்த ஆயுதம். “விசாரணை கேட்டால் வளையத்தைச் சேர்ப்பேன், கட்டாயச் சிறை, இப்போதே ஒப்புக்கொண்டால் அதை விட்டுவிடுகிறேன்” என்று சொன்னால் போதும். கட்டாயத் தண்டனை உள்ள இடத்தில் நீதிபதி இரங்க நினைத்தாலும் கைகள் கட்டப்பட்டிருக்கின்றன. நீதிபதியிடமிருந்து பறித்த அதிகாரம் காற்றில் கரைந்துவிடவில்லை. குற்றஞ்சாட்டுகிறவரிடம் போய்ச் சேர்ந்தது. சிறிய ஐயம் உள்ளவனும், நிரபராதி என்று வாதாடக் காரணம் உள்ளவனும், இந்த அச்சத்தில் தலையசைத்துவிடுகிறான். நியாயாசனத்தில் இருக்கவேண்டியவர் பார்வையாளராகிறார்.

நம் தேசத்திலும் பள்ளிக்கு அருகே என்னும் எண்ணம் புதிதன்று. கல்விக்கூடத்திலிருந்து 100 கெஜத்துக்குள் புகையிலைப் பொருட்கள் விற்கலாகாது என்ற பலகையை நீங்கள் கண்டிருப்பீர்கள். மீறினால் 200 ரூபாய் வரை அபராதம். அங்கே அளவு நாடா ஓரடி பிசகினால் இழப்பு அவ்வளவே. போதைப்பொருளுக்கான நம் 1985-ஆம் ஆண்டுச் சட்டமோ மிகக் கடுமையானது. அதைப் புகழ்ந்துபேச எனக்கு நோக்கமில்லை. என்றாலும் அதில் 2001-இல் சேர்த்த பிரிவு ஒன்று, கல்விக்கூடத்திலோ அதற்கு மிக அருகிலோ குற்றம் நடந்தது என்பதை நீதிமன்றம் குறைந்தபட்சத்துக்கு மேல் தண்டிக்கும்போது கருதத்தக்க காரணங்களுள் ஒன்றாக வைக்கிறது. அடிக்கணக்கு இல்லை, தானாய் இரட்டிப்பாவதும் இல்லை. எடைபோடும் பொறுப்பு நீதிபதிக்கே விடப்பட்டிருக்கிறது. இந்த ஒரு காரியத்திலாவது அது அறிவுள்ள ஏற்பாடு.

“ஐயரே, அந்தத் தேசத்துச் சட்டத்தைக் குறித்து ஆலயத்துக்கு என்ன?” என்று கேட்பவர்க்கு ஒரு செய்தி. இலினாய், ஆர்க்கன்சா போன்ற மாநிலங்களில் வளையம் பள்ளியைச் சுற்றி மட்டும் இல்லை. ஆராதனை ஆலயங்களைச் சுற்றியும் வரையப்பட்டிருக்கிறது. ஆலயத்தின் எல்லையிலிருந்து அளந்து ஒரு மனிதனின் சிறை ஆண்டுகள் கூட்டப்படுகின்றன. அவன் அந்த ஆலயத்தைக் கண்டிருக்கவேண்டும் என்பதில்லை. அங்கே அன்று ஆராதனை நடந்திருக்கவேண்டும் என்பதுமில்லை. பூட்டிக்கிடந்த கதவிலிருந்து கணக்கிடுகிறார்கள். ஓடிவருகிறவனுக்குத் திறக்கவேண்டிய வாசல், அவனைக் கூடுதலாய்க் கட்டுவதற்கான அளவுகல்லாயிருக்கிறது. போதையில் சிக்கிய மகனுக்காகக் கண்ணீரோடு அந்த ஆலயத்துக்கு வரும் தாய், தன் மகனின் தண்டனை இந்தக் கட்டடத்தால் நீண்டது என்று அறிந்தால் எந்த முகத்தோடு உட்காருவாள்? போதகர் எந்த முகத்தோடு அவள் அருகே போவார்?

மாறியவர்கள் இருக்கிறார்கள், அதைச் சொல்லாமல் விடுவது நேர்மையன்று. நியூ ஜெர்சி 2010 ஜனவரியில் நீதிபதிகளுக்கு விருப்புரிமையைத் திரும்பக் கொடுத்தது. டெலவேர் 2011-இல் 300 அடியாக்கியது. கென்டக்கி அதே ஆண்டு 1,000 கெஜத்தை 1,000 அடியாக்கியது. மாசசூசெட்ஸ் 2012-இல் 300 அடியாகச் சுருக்கி, நள்ளிரவு முதல் காலை 5 மணி வரை வளையம் செல்லாது என்றது. இந்தியானா 2014-இல் 500 அடியாகக் குறைத்து, பிள்ளைகள் இருக்கக்கூடும் என்று எதிர்பார்க்கத்தக்க நேரமா என்றும் கேட்கத் தொடங்கியது. யூட்டா 2015-இல் 100 அடிக்கு வந்தது. இவற்றில் பல மாநிலங்கள் இளகிய மனத்துக்குப் பேர்போனவையல்ல. கடுமையை விரும்புகிறவர்களே கணக்கைப் பார்த்து மனம் மாறினார்கள்.

டென்னசியில் அந்த வளையங்கள் 8,544 என்று 2017-இல் ‘ரீசன்’ இதழ் எண்ணிக் காட்டியது. 2020-இல் அம்மாநிலம் அவற்றை 500 அடியாக்கி, கட்டாயத்தையும் தளர்த்தியது. அதற்கு முன்பே தண்டனை பெற்றவர்களுக்கோ அந்தச் சட்டம் ஒன்றும் செய்யவில்லை. அநியாயம் என்று கண்டு கைவிட்ட தண்டனையை, அதை முன்னமே பெற்றவர்கள்மேல் தொடர்ந்து நிறைவேற்றிக்கொண்டிருந்தது மாநிலம். அவர்களும் மறுதண்டனை கேட்டு மனுச்செய்யலாம் என்ற கதவு 2022-இல்தான் திறந்தது. அந்த இரண்டு ஆண்டுகளை யாரிடம் கேட்டுப் பெறுவது?

அந்தத் தேசத்தில் வாசம்பண்ணி வாக்களிக்கிறவர்கள் உங்களில் இருந்தால், உங்கள் சட்டமன்ற உறுப்பினரிடம் கேளுங்கள்: நம் மாநிலத்தில் தூரம் எத்தனை அடி? நம் நகரின் நிலப்படத்தில் வளையத்துக்கு வெளியே எவ்வளவு இடம் இருக்கிறது? கடந்த ஆண்டு இந்தப் பிரிவில் தண்டிக்கப்பட்டவர்களில் பிள்ளைகளுக்கு விற்றவர் எத்தனை பேர்? வளையத்தில் ஆலயங்களும் சேர்ந்திருந்தால், உங்கள் சபை மூப்பர்களோடு உட்கார்ந்து, எங்கள் கட்டடத்திலிருந்து அளக்கவேண்டாம் என்று ஒரு கடிதம் எழுதி எல்லாரும் கையெழுத்திட்டு அனுப்புங்கள்.